சிபி வந்துவிட்டானா?
ஒலிநாடகம், தொடர்ச்சி, காத்திருப்பு: சில குறிப்புகள்

1

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில், ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில் கொஞ்ச காலம் தமிழாசிரியனாக இருந்தேன். மழைக்காலத்தில் கரண்ட் போனால் இரண்டு நாள் மூன்று நாள் வராது. பாடம் நடத்தியும் பாட்டுப் பாடியும் சலித்துப்போன ஓர் இரவில், பையில் கிடந்த சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை எடுத்து டார்ச் வெளிச்சத்தில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் முப்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அது தினசரிச் சடங்காகிவிட்டது. சமையற்கட்டு அண்ணனின் போனை வாங்கி ஒருவன் நான் வாசிப்பதைப் பதிவு செய்துகொண்டிருந்தான். அது மெமரி கார்டில் ஏறி, சனிக்கிழமை வீட்டுக்குப் போகிற பையன்களோடு ஊர் ஊராகப் போனது எனக்குத் தெரியாது.

தெரிய வந்தது இப்படி. பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட ஒரு பையனைத் தேடி அவன் ஊருக்குப் போனேன். திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்கள் என் குரலைக் கேட்டதும் சிரித்தார்கள். 'நாய்க் கதை சொல்ற வாத்தியாரு நீதானா?' என்றார் ஒருவர். எனக்கு ஒரே பெருமை. பிறகு அவர்களில் வயதான ஒரு அம்மா கேட்டார்: 'ஏன் சார், அந்தப் பொண்ணோட ஊட்டுக்காரன் வந்துட்டானா?'

நாவலின் தொடக்கத்திலேயே நிலாவின் கணவன் சிபி காணாமல் போகிறான். ரவியும், பேசுகிற இயந்திர நாய் ஜீனோவும் கதைக்குள் வருகிறார்கள். என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான வாசகர்களுக்கு அந்த இடத்திலிருந்து சிபி ஒரு கதைச் சௌகரியம் மட்டுமே. நாங்கள் ஜீனோவின் பின்னால் போய்விட்டோம். 'இருங்கம்மா, இன்னும் கதை இருக்கு' என்று சமாளித்துவிட்டு வந்தேன். அந்தக் கேள்வியைச் சமாளித்திருக்கக்கூடாது என்று புரிய எனக்கு நாளானது. இந்தக் கட்டுரை அந்தச் சமாளிப்புக்கான பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

2

இதை எழுதத் தூண்டிய உடனடிக் காரணம் வேறு. சென்னையில் ஒரு நண்பர், பிரிட்டிஷ் அறிவியல் புனைகதைத் தொடர்களின் பரம ரசிகர். அவர் நேசிக்கும் பழைய தொடரொன்றுக்குப் புதிய ஒலிநாடகங்கள் வரப்போகின்றன என்ற அறிவிப்பு வந்தால் போதும், மாதக்கணக்கில் வேறு பேச்சு இல்லை. பழைய நடிகர்தான் பேசுகிறாரா, அதே தலைப்பிசையா, விட்ட இடத்திலிருந்து தொடங்குமா? நாடகம் வெளிவந்தபின் அதைப்பற்றி அவர் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதையும் கவனித்திருக்கிறேன். சரக்கைவிட எதிர்பார்ப்புதான் அவருக்கு விற்கப்படுகிறதோ என்றுகூடத் தோன்றும்.

ஆனால் விஷயத்தை இத்தோடு முடித்துவிட முடியாது. நுகர்வுப் பண்பாடு, ரசிக மனநிலை என்று இரண்டு வசவுகளை வீசிவிட்டு நகர்வது நம் சிற்றிதழ்க்காரர்களுக்குக் கைவந்த கலை. கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம். பிபிசி 1963இல் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடர் 1989இல் நின்றுபோனது. 1999இல் 'பிக் ஃபினிஷ்' என்ற சிறு நிறுவனம் உரிமம் பெற்று, பழைய நடிகர்களையே வைத்துப் புதிய கதைகளை ஒலிநாடகங்களாக வெளியிட ஆரம்பித்தது. 2005இல் தொடர் மீண்டும் தொலைக்காட்சிக்கு வந்தபோது இந்த ஒலிநாடகங்களில் வளர்ந்தவர்களில் சிலர் அங்கும் வேலை செய்தார்கள். 2003இல் வந்த 'ஜூபிலி' என்ற ஒலிநாடகத்தை எழுதிய ராபர்ட் ஷியர்மன்தான் அதை அடிப்படையாகக்கொண்ட 2005ஆம் ஆண்டுத் தொலைக்காட்சி அத்தியாயத்தையும் எழுதினார். முகம் கிழடு தட்டினாலும் குரல் அவ்வளவு சீக்கிரம் கிழடு தட்டுவதில்லை. காட்சி கைவிட்ட இடத்தில் ஒலி கைகொடுத்தது.

இதற்கும் முந்திய கதை இன்னும் முக்கியம். 1960களின் அத்தியாயங்கள் பலவற்றின் ஒளிநாடாக்கள் அழிக்கப்பட்டுவிட்டன. தொண்ணூறுக்கு மேற்பட்டவை காட்சியாகத் தொலைந்துபோனவை. ஆனால் ஒலியாக ஒன்றுகூடத் தொலையவில்லை. காரணம், தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்து வீட்டிலேயே பதிவு செய்த ரசிகர்கள். 1980களில் உரிமம் கிரிமம் எதுவும் இல்லாமல் சொந்தமாக ஒலிநாடகம் செய்து கேசட்டில் சுற்றுக்கு விட்டவர்களும் ரசிகர்களே. அவர்களில் சிலர்தான் பிறகு அதிகாரபூர்வமான ஒலிநாடகங்களைச் செய்தார்கள். ஆக, காத்திருப்பு என்பது வெறும் வாய்பிளந்து நிற்றல் அல்ல. அதற்குள் ஓர் உழைப்பு இருக்கிறது.

வானொலி ஒருவழிப் பாதையாக விநியோகம் செய்வதை விட்டுவிட்டு, கேட்பவனையும் பேசவைக்கிற சாதனமாக மாறவேண்டும் என்று 1932இல் பிரெக்ட் வாதாடினார். அவருடைய நண்பர் வால்டர் பெஞ்சமின் 1933இல் பெர்லின் வானொலிக்காக 'லிஷ்டன்பெர்க்' என்று ஒரு நாடகம் எழுதினார். சந்திரனில் வாழ்பவர்கள் குழு அமைத்துப் பூமியை ஆராய்கிறார்கள். நாஜிகள் வந்துவிட்டதால் அது அப்போது ஒலிபரப்பாகவேயில்லை. அறிவியல் புனைவும் வானொலியும் சந்தித்த இடத்தில் வெளியிலிருந்து ஒரு குரல் வந்து நம் அதிகாரத்தை விசாரிக்கிற சாத்தியம் அப்போதே இருந்தது. மேற்கில் இன்று விற்பனையாகிற எதிர்பார்ப்பில் இந்தச் சாத்தியம் எவ்வளவு மிச்சம்? 'அதே குரல் வேண்டும்' என்பது இப்போது ரசிகர்களின் முதல் கோரிக்கை. நடிகர் இறந்துவிட்டால் அவரைப் போலவே பேசுகிற இன்னொருவரைப் பிடிக்கிறார்கள். ஒற்றுமைதான் தரம்.

3

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழில் ஒலிநாடகமே இல்லை என்பதுபோல் சிலர் பேசுகிறார்கள். அது சரியல்ல. சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் வந்தன. வானொலி நாடகத்துக்கென்றே ஒரு நடிகர் பரம்பரை உருவானது. சினிமாவின் ஒலியை மட்டும் வெட்டி ஒட்டிய 'ஒலிச்சித்திரம்' நம்முடைய விசேஷமான கண்டுபிடிப்பு. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி 'கதை வசனம்' போட்டு, படத்தையே பார்த்திராத ஊர்களும் வசனத்தை மனப்பாடமாகச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. மலைமேல் டாக்கீஸ் இல்லாத ஊர்களில் பெரியவர்கள் இன்றைக்கும் சிவாஜியைக் குரலால்தான் நினைவு வைத்திருக்கிறார்கள்.

கடலுக்கு அந்தப்பக்கம் இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' தொடர் நாடகத்துக்காக வீடுகள் காத்திருந்தன. 'கோமாளிகளின் கும்மாளம்' வானொலியில் பெற்ற செல்வாக்கால் 1976இல் 'கோமாளிகள்' என்று படமாகவே வந்தது. அதில் யாழ்ப்பாணத் தமிழும், முஸ்லிம்களின் தமிழும், ஐயர் பேசும் தமிழும், சிங்களவர் பேசும் தமிழும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. முகம் இல்லாத ஊடகத்தில் ஆளைக் காட்டுவது பேச்சுதான். ஆகவே ஒலிநாடகம் தமிழை ஒருமையில் வைத்திருக்க முடியாது, பன்மையாக்கியே தீரவேண்டியிருக்கிறது. ஆனால் இதிலொரு வில்லங்கம் உண்டு. பன்மைத் தமிழ் சிரிப்புக்கு, கண்ணியமான தமிழ் சோகத்துக்கு என்று நம் வானொலி நெடுங்காலம் பங்கு பிரித்து வைத்திருந்தது.

தொடர்ச்சிக்கான ஆவலும் நமக்குப் புதிதல்ல. கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னை வாராவாரம் எழுதி முடித்தபோது வாசகர்கள் விடவில்லை. பாத்திரங்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்டவர்களுக்கு அவர் முடிவுரை எழுதிச் சமாதானம் சொல்லவேண்டியிருந்தது. விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யில் அதைத் தொடர்ந்தார். கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் இன்று 'பொன்னியின் செல்வ'னை யாரும் குரலாக்கலாம். பாம்பே கண்ணன் பல நடிகர்களைக்கொண்டு அதை ஒலிநூலாக ஆக்கியது பலரும் அறிந்தது. ஆக, நம் ஒலித்தொடர்ச்சி பெரும்பாலும் இறந்தகாலத்தை நோக்கியே போகிறது. சோழர் எப்படிப் பேசினார்கள் என்பதில் நமக்கு ஒரு சந்தேகமும் இல்லை. செந்தமிழ், கொஞ்சம் சிவாஜி, பின்னணியில் குதிரைக் குளம்பு. தீர்ந்தது.

எதிர்காலம் எப்படிப் பேசும்? இங்கேதான் சுஜாதா வருகிறார். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' இரண்டும் தமிழ் அறிவியல் புனைகதையில் ஒரு தலைமுறையின் பொதுச்சொத்து. முதலாவது தூர்தர்ஷனிலும் வந்தது. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி. எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். குழந்தை பெற அரசாங்க அனுமதி வேண்டும். கடைசியில் ஜீவா என்று ஓர் ஆளே இல்லை, ஒளியால் செய்த பிம்பம்தான் என்று தெரிகிறது. பிம்பத்தால் ஆளப்பட்டு வந்த தமிழ்நாட்டில் இதை எழுதியது சாதாரண விஷயமில்லை. சுஜாதாவை மொத்தமாக வெகுஜனக் கிடங்கில் தள்ளிவிட்ட நம் விமர்சகர்கள் இந்தப் பிரதியை அரசியல் பிரதியாக வாசிக்கத் தவறினார்கள் என்பதே என் கட்சி.

இரண்டெழுத்துப் பெயரில் சாதி ஒட்டாது. நிலா, சிபி, ரவி, மனோ. அழகான யோசனை. ஆனால் அவர்கள் வாயைத் திறந்தால்? அச்சில் இந்தக் கேள்வி எழுவதில்லை. சுஜாதாவின் வேகமான, ஆங்கிலம் கலந்த, நகர்ப்புறப் படித்த நடுத்தர வர்க்கத் தமிழை நாம் 'நடை' என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிட்டோம். அதையே ஒலிநாடகமாக்கினால் அது நடையாக நிற்காது, ஓர் ஊரும் ஒரு தெருவும் ஆகிவிடும். எதிர்காலத்தில் எல்லோரும் ஒரே தெருவிலிருந்து வந்தவர்களாக இருப்பார்கள். அச்சு மறைத்துவைத்ததை ஒலி காட்டிக்கொடுத்துவிடும்.

சுஜாதா 2008இல் மறைந்தார். இந்தியச் சட்டப்படி அவர் எழுத்தின் பதிப்புரிமை 2068 முடியும்வரை செல்லும். ஜீனோவின் மூன்றாம் பாகம் வராதா என்று ஏங்குகிற வாசகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருநாள் உரிமையோடு யாராவது அதை ஒலித்தொடராகக் கொண்டுவரலாம், வரவும் வேண்டும். 2024இல் 'லால் சலாம்' படப் பாடலொன்றில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்துப் பயன்படுத்தினார் ஏ.ஆர். ரகுமான். குடும்பத்தாரின் அனுமதியோடும் ஊதியத்தோடும்தான் என்றும் சொன்னார். ஆக, 'அதே குரல்' இனி ஏக்கமாக நின்றுவிடாது, ஒரு வசதியாகவும் கிடைக்கும். இறந்தவர்களின் குரலில் எதிர்காலத்தைப் பேசவைக்க முடியும். இதுவரை பேசாதவர்களின் குரலுக்கு அப்போது எங்கே இடம் என்பதுதான் என் கவலை.

4

தெரிந்த கதைக்காகக் காத்திருப்பது பாமரத்தனம் என்று நவீனத்துவம் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கினால் போளூரும் செங்கமும். தெருக்கூத்தின் நிலம். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். துரியோதனன் சாவான் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். இருந்தும் சனம் காத்திருக்கிறது. எதற்கு?

முடிவுக்காக அல்ல. இந்த வருஷம் இந்த ஊரில் அது எப்படிச் சொல்லப்படும் என்பதற்காக. அதற்கான இடத்தைக் கூத்து தன் அமைப்புக்குள்ளேயே வைத்திருக்கிறது. அவன்தான் கட்டியங்காரன். ராஜா விருத்தம் பாடுவார், கட்டியங்காரன் ஊர்ப்பேச்சில் அதற்குப் பதில் சொல்வான். ராஜாவின் ஆணையைத் திருப்பிச் சொல்கிற சாக்கில் அதைக் கிழித்துத் தொங்கவிடுவான். ரேஷன் கடையும் எலெக்ஷனும் அவன் வழியாகத்தான் பாரதத்துக்குள் நுழைகின்றன. கதை பழையது, குரல் இன்றையது. தொடர்ச்சி என்பதற்குக் கூத்து கொடுக்கிற வரையறை இது. விட்ட இடத்திலிருந்து கதையை நீட்டுவதல்ல தொடர்ச்சி. கதைக்குள் இல்லாத ஒருவன் கதைக்குள் வந்து பேசுவதே தொடர்ச்சி.

இந்த வெளிச்சத்தில் ஜீனோவைப் பாருங்கள். நாய், அதுவும் இயந்திரம். மனிதர்களின் சமூக அடுக்கில் அதற்கு இடமே இல்லை. அதனாலேயே எல்லோரிடமும் பேசலாம், கிண்டலடிக்கலாம், அதிகாரத்தின் அந்தரங்கத்துக்குள் புகுந்து திரும்பலாம். ஜீனோ அப்பட்டமான கட்டியங்காரன். சுஜாதா இதை யோசித்துச் செய்தாரா இல்லையா என்பது நமக்கு அவசியமில்லை. பிரதி அப்படி இருக்கிறது. ஒரே ஒரு வித்தியாசம். கூத்தில் ராஜாவுக்கு ஒரு தமிழ், கட்டியங்காரனுக்கு ஒரு தமிழ். சுஜாதாவின் உலகில் ஜீனோவும் அதன் எஜமானர்களும் ஒரே தமிழ் பேசுகிறார்கள். கட்டியங்காரனிடமிருந்து அவன் பேச்சைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது சாதுரியம் மட்டும்.

5

இந்த யோசனையெல்லாம் எனக்குப் பிறகு வந்தது. அன்றைக்கு நடந்தது என்னவென்றால், கதை முடிந்தபின் பையன்கள் மூன்றாம் பாகம் கேட்டார்கள். இல்லையென்றேன். 'அப்ப நாமளே பண்ணிக்கலாம் சார்' என்றான் பதிவு செய்த பையன். சரியென்று இறங்கினோம். வெளியே யாருக்கும் போகாது, நம் ஹாஸ்டலோடும் ஊர்களோடும் சரி என்று ஒப்பந்தம்.

களம் எதுவென்பதில் குழப்பமே இல்லை. காவலூர். ஆலங்காயம் பக்கம், இதே மலையில்தான் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம். 1960களின் கடைசியில் வேலை தொடங்கியது. 1977 மார்ச்சில் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகுக்குக் காட்டிய அவதானிப்புகளில் காவலூரினதும் ஒன்று. 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டது. 1988இல் இங்கிருந்து கண்ட சிறுகோள் ஒன்றுக்கு ராமானுஜன் பெயர். அறிவியல் புனைகதைக்கு வேறென்ன வேண்டும்? ஜீனோ டோமுக்குள் ஒளிந்திருக்கிறது, ஜீவாவின் பிம்பம் மறுபடி வானத்தில் தெரிகிறது, மலைப்பையன்கள் மூன்று பேர் ஜீனோவைக் காப்பாற்றுகிறார்கள். கதை இவ்வளவுதான்.

சண்டை வந்தது குரலில். ஜீனோவாக நடிக்கத் துடித்த பையன் மலைப்பேச்சில் பேசிக்காட்டினான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் ஒருவன் சொன்னான்: 'மிஷின் சார், அது எப்படி நம்மள மாதிரி பேசும்? டவுன் தமிழ் பேசணும்.' மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். நடிக்க வந்தவனே ஆமாம் என்றான். இதுதான் என்னை உலுக்கிய இடம். அறிவும் இயந்திரமும் எதிர்காலமும் தங்கள் வாயில் உட்காராது என்று பதினான்கு வயதில் அவர்கள் முடிவுகட்டியிருந்தார்கள். யாரும் அவர்களிடம் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் பாடப்புத்தகமும் டிவியும், ஏன், தினம் வாசித்துக் காட்டிய என் குரலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருந்தன? நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். என் தமிழில்தான் அவர்கள் ஜீனோவைக் கேட்டிருந்தார்கள். 'அதே குரல் வேண்டும்' என்ற ரசிகக் கோரிக்கையைச் சென்னை நண்பரிடம் கிண்டலடித்த நானே இங்கே அந்த 'அதே குரல்' ஆகிவிட்டிருந்தேன்.

இரண்டு நாள் வாதம். கடைசியில் ஒருவன் வழி கண்டுபிடித்தான். ஜீனோ இத்தனை மாதம் இந்த மலையில் ஒளிந்திருக்கிறதே, அதற்குச் சோறு போட்ட ஆயாவின் பேச்சுதானே அதற்கு வந்திருக்கும்? 'மிஷினு சோறு திங்குமாடா?' என்று கேட்டார்கள். 'சார்ஜ் போட்ட ஆயா' என்று திருத்தினான். தர்க்கம் கச்சிதம். ஜீனோ மலைப்பாட்டி மாதிரிப் பேச ஆரம்பித்தது. முதல் பாகம் பதினோரு நிமிஷம். மழைச் சத்தத்துக்கு மழையே கிடைத்தது.

அடுத்த சனிக்கிழமைக்குள் விஷயம் ஊர்களில் பரவிவிட்டது. நாய்க் கதையின் புதுப்பாகம் வருகிறதாம், நம்ம பசங்களே பேசியிருக்கிறார்களாம். அடிவார ஊர்ப் பையன்கள்கூட ஹாஸ்டலுக்கு வந்து கேட்டார்கள். ரசிகர் எதிர்பார்ப்பு என்பதை நான் நேரில் கண்டது அப்போதுதான். என் சென்னை நண்பரின் எதிர்பார்ப்புக்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல அது. மெமரி கார்டு கிளம்பிப் போனது. நாங்கள் காத்திருந்தோம். ஆம், இந்தத் தடவை காத்திருந்தது கதை சொன்னவர்கள்.

திங்கட்கிழமை பையன்கள் திரும்பினார்கள். எல்லோரும் சிரித்தார்களாம். நாய் நம்ம ஆயா மாதிரி பேசுது என்று பிடித்துப்போயிற்றாம். 'ஆனா சார்...' என்று இழுத்தான் ஒருவன். 'சிபி எங்கன்னு கேக்குறாங்க.'

நாங்கள் சிபியை மறந்தே போயிருந்தோம். எங்கள் மூன்றாம் பாகத்தில் அவன் பெயர்கூட இல்லை.

அந்தக் கேள்வி ஏன் அந்தத் திண்ணைகளில் மட்டும் விடாமல் கேட்கப்பட்டது என்பதை இந்த மலையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி, காவல்துறை 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். வேலைக்கென்று போய் ஜெயிலில் கிடந்தவர்களும் உண்டு. கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் கூலிக்குப் போகிறவர்கள் இன்றும் உண்டு. 'ஊட்டுக்காரன் வந்துட்டானா' என்பது இங்கே ஒரு ரசிகையின் ஆவல் அல்ல. கதைக்கு வெளியே தினசரி கேட்கப்படுகிற கேள்வி. ஓர் அரசாங்கம், அதன் ஆட்சியில் காணாமல்போன ஒருவன், அவனைத் தேடுகிற மனைவி: சுஜாதாவின் சர்வாதிகாரக் கதையில் இந்தப் பெண்கள் கண்டுகொண்டது இதைத்தான். நான் அரசியல் பிரதி என்று மார்தட்டுகிறேனே, அதை அரசியலாக வாசித்தது அவர்கள்தான். நானோ நாயின் சாமர்த்தியத்தில் மயங்கிக் கிடந்தேன்.

6

இரண்டாம் பாகம் செய்ய உட்கார்ந்தோம். சிபி வரவேண்டுமா? 'வந்துட்டான்னு சொன்னா சும்மா சொல்றோம்னு அவங்களுக்குத் தெரியும் சார். வரலன்னு சொன்னா யாரும் கேக்கமாட்டாங்க' என்றான் ஜீனோவாகப் பேசியவன். இலக்கியத்தின் ஆகப் பழைய சங்கடத்தை அவன் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். முடிவாக, ஜீனோ ஊர் ஊராகப் போய்ச் சிபியைப்பற்றி விசாரிக்கட்டும் என்று வைத்தார்கள். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர், தங்கள் வீட்டில் போனவர் யார், எப்போது போனார், என்ன சட்டை போட்டிருந்தார் என்று ஜீனோவிடம் சொல்வார்கள். ஜீனோ கேட்டுக்கொள்ளும். சிபி அந்தப் பாகத்தில் வரவில்லை. அது முந்தியதைவிட நன்றாக இருந்ததா? நாடகமாகச் சொன்னால், இல்லை. இழுவை. பேட்டரி பாதியில் தீர்ந்ததால் கடைசிக் காட்சி சரியாகப் பதிவாகவும் இல்லை. ஆனால் அடுத்த வாரம் ஹாஸ்டலுக்கு வந்த ஓர் அம்மா, தன் வீட்டுக்காரரைப்பற்றியும் ஜீனோவிடம் சொல்ல முடியுமா என்று கேட்டார். பிரெக்ட் கேட்ட சாதனம் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் கையில், சமையற்கட்டு அண்ணனின் போனில், ஒரு வாரத்துக்கு நடந்தது என்றே சொல்வேன்.

அதன்பின் தேர்வு வந்தது. எனக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்து இறங்கிவிட்டேன். தொடர் அத்தோடு நின்றது. இதை ஒரு வெற்றிக்கதையாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம்.

எனக்குத் தோன்றுவது இது. நம்முடைய அறிவியல் புனைகதைகள் ஒலியாக மாறத்தான் போகின்றன. தொடர்ச்சிகளும் வரத்தான் போகின்றன. அறிவிப்பு வந்த நாளிலிருந்து நாமும் காத்திருப்போம், நானும்தான். காத்திருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஆனால் யாருடைய குரலுக்காகக் காத்திருக்கிறோம் என்று கேட்டுக்கொள்ளவேண்டும். பழைய குரலையே திரும்பத் தருவதாகச் சொல்கிற தொடர்ச்சி, எதிர்காலத்தையும் நமக்குப் பழசாக்கியே தரும். புதிய குரல் என்றால் ஒரு வட்டார வழக்கைச் சிரிப்புக்குச் செருகுவது என்று கலைஞர்கள் நினைத்துவிடக் கூடாது. இயந்திரத்துக்கும் விஞ்ஞானிக்கும் ராணிக்கும் எந்தத் தமிழ் என்று தீர்மானிக்கிற இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே கேள்வி. எழுதுகிற நண்பர்களுக்கு இன்னொன்றும் உண்டு. உங்கள் மூன்றாம் பாகத்தில் நாய் இருக்கும், வானம் இருக்கும், பிம்பம் இருக்கும். காணாமல்போனவனை ஞாபகமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனைப்பற்றிக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள்.